நடுநிலை வகுப்பு அளவியல் வாக்கியக் கணக்குகளில் வேற்றுமை உருபும் எச்சமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அளவைகள், வடிவியல் ஆகிய பகுதிகளைச் சார்ந்த வாக்கியக் கணக்குகளில் மாணவர் தவறுவதற்கு வாய்பாட்டறிவின் குறையே காரணமாகப் பெரிதும் சுட்டப்படுகிறது. வேற்றுமை உருபுகளையும் எச்சங்களையும் பிழைபடக் கொள்வதால் தவறான வடிவம் மனத்தில் அமைவதும் அதற்கு இணையான காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளின் வழி விளக்குகிறது. அடைகள் பெயருக்கு முன்னே அடுக்கி வரும் தமிழ்த் தொடரமைப்பு, படம் வரையும் வரிசையோடு ஒத்துச் செல்வதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாக்கியக் கணக்கு, அளவியல், வேற்றுமை உருபு, பெயரெச்சம், வினையெச்சம், கணக்கதிகாரம்

முன்னுரை

செவ்வகத்தின் பரப்பளவு யாது என வினவினால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்க வேண்டும் என உடனே விடையளிக்கும் மாணவர், அதே செவ்வகம் ஒரு பூங்காவாகவோ தொட்டியாகவோ சொற்களால் விவரிக்கப்படும்போது தயங்குகிறார். இத்தயக்கத்தைக் கணிதக் கல்வியாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துள்ளனர். ஜார்ஜ் போலியா 1945இல் வெளியிட்ட நூலில் கணக்குத் தீர்த்தலை நான்கு படிகளாகப் பகுத்து, கணக்கைப் புரிந்துகொள்ளுதலை முதற்படியாக வைத்தார். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் மாணவரின் பிழைகளை வாசித்தல், பொருளுணர்தல், கணித வடிவாக மாற்றல், கணித்தல், விடையை எழுதுதல் என்னும் ஐந்து நிலைகளில் வைத்து ஆராயும் முறையை முன்வைத்தார். இவற்றுள் முதல் மூன்றும் மொழியோடு பிணைந்தவை.

ஆங்கிலத் தொடர்களை அடிப்படையாகக் கொண்டு எழுந்த இம்முறைகளை அப்படியே தமிழ்வழி வகுப்பிற்குப் பொருத்துவது போதுமானதன்று. ஆங்கிலத்தில் சொல்லின் இடமும் முன்னிடைச் சொற்களும் செய்யும் வேலையைத் தமிழில் உருபுகளும் எச்சங்களும் செய்கின்றன. ஆகவே பிழை நேரும் இடமும் வேறாகிறது. கீழே ஆளப்பட்டுள்ள கணக்குகள் பாடநூல் வினாக்களின் போக்கை ஒட்டி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

ஒப்பீடும் 'ஐ விட' என்னும் அமைப்பும்

'செவ்வக நிலம் ஒன்றின் நீளம் 20 மீட்டர். இது அதன் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம். நிலத்தின் பரப்பளவு யாது?' என்னும் வினாவை நோக்கலாம். 'அதிகம்' என்னும் சொல்லைக் கண்டவுடன் கூட்டலைச் செய்யும் மாணவர் அகலத்தை 25 மீட்டர் எனக் கொண்டு 500 சதுர மீட்டர் என விடை தருவார். உண்மையில் அகலம் 15 மீட்டர். பரப்பளவு 300 சதுர மீட்டர். வினாவின் சொல் கூட்டலைக் குறிப்பதுபோல் நிற்க, தேவைப்படும் செயல் கழித்தலாக அமையும் இத்தகைய கணக்குகளில் பிழை மிகுவதை லூயிஸ், மேயர் இருவரும் 1987இல் ஆங்கில வினாக்களைக் கொண்டு காட்டினர்.

தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 'நீளம் அகலத்தைவிட அதிகம்' என்றும் 'அகலத்தைவிட நீளம் அதிகம்' என்றும் சொற்களை இடம் மாற்றி எழுதலாம்; பொருள் மாறாது. எது பெரியது என்பதை முடிவு செய்வது 'ஐ' உருபு எச்சொல்லின்மேல் ஏறியுள்ளது என்பதே. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களைக் கூறும். அங்கு 'இன்' உருபு ஆற்றிய ஒப்புப் பணியின் ஒரு பகுதியை இக்கால உரைநடையில் 'ஐ விட' ஏற்றுள்ளது. தமிழ் வகுப்பில் வேற்றுமையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர், அடுத்த பாடவேளையில் கணக்கு வகுப்பில் அதே உருபை எதிர்கொள்கிறார் என்பதை இரு ஆசிரியர்களும் எண்ணிப் பார்ப்பது அரிது. 'எச்சொல் உருபேற்றுள்ளதோ அதுவே சிறியது' என்று அடையாளமிட்டு, படத்தில் சிறிய பக்கத்தை முதலில் வரையச் செய்தால் 25 என்னும் அகலம் எழவே இடமில்லை. 20 மீட்டர் நீளத்திற்கு 25 மீட்டர் அகலம் என்பது படத்திலேயே முரணாகத் தெரிந்துவிடும்.

ஓர் 'ஆக' செய்யும் வேறுபாடு

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 5 மீட்டர் உயரத்திற்கு நீர் உள்ளது. 'நீர்மட்டம் 2 மீட்டர் குறைந்தது' என்றால் எஞ்சிய நீரின் உயரம் 3 மீட்டர். கன அளவு 36 கன மீட்டர். 'நீர்மட்டம் 2 மீட்டராகக் குறைந்தது' என்றால் எஞ்சிய உயரமே 2 மீட்டர். கன அளவு 24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர் ஆதலால், 'ஆக' என்னும் ஒன்று 12,000 லிட்டர் நீரை மாற்றிவிடுகிறது. வாய்பாடு இரண்டிற்கும் ஒன்றே.

'மடங்கு' என்னும் சொல்லில் குறை மாணவரிடம் இல்லை. வினா எழுதுவோரிடம் உள்ளது. 'சதுரத்தின் பக்கம் 2 மடங்காகிறது' என்பது தெளிவு. பரப்பளவு 4 மடங்காகும். 'பக்கம் 2 மடங்கு அதிகரிக்கிறது' என்னும் தொடரோ இரு பொருளுக்கு இடம் தருகிறது. முன்னிருந்ததுபோல் 2 மடங்கு ஆயிற்று எனவும், முன்னிருந்ததோடு அதன் 2 மடங்கு சேர்ந்து 3 மடங்காயிற்று எனவும் கொள்ளலாம். இரண்டாவதாகக் கொண்டு பரப்பளவு 9 மடங்கு என எழுதும் மாணவருக்கு மதிப்பெண் மறுப்பது முறையாகாது. இத்தொடரை வினாத்தாளில் தவிர்ப்பதே தக்கது.

சொல்வரிசை பொருளை மாற்றாது என்று மேலே கூறியதற்கு அலகுகள் விலக்காக அமைகின்றன. '4 சதுர மீட்டர்' என்பது பரப்பு. '4 மீட்டர் சதுரம்' என்பது பக்கம் 4 மீட்டராக உள்ள வடிவம். அதன் பரப்பு 16 சதுர மீட்டர். 'சதுர' என்பது அலகிற்கு அடையாகிறது. 'சதுரம்' என்பது வடிவத்தின் பெயராகிறது. ஒரு சதுர மீட்டரை 100 சதுர சென்டிமீட்டர் என எழுதும் பரவலான பிழையும் 'சதுர' என்பதன் வேலையைக் கருதாமையால் நேர்வதே. ஒரு மீட்டர் சதுரத்தை வரைந்து ஒவ்வொரு பக்கத்தையும் 100 கூறுகளாக்கினால் 10,000 கட்டங்கள் கிடைக்கும்.

பெயரெச்சமும் படம் வரையும் வரிசையும்

'14 மீட்டர் விட்டமுள்ள வட்ட வடிவக் குளத்தைச் சுற்றி அமைந்த 3.5 மீட்டர் அகலமுள்ள நடைபாதையின் வெளி விளிம்பில் அமைக்கப்படும் வேலியின் நீளம் யாது?' என்னும் ஒரே தொடரில் குளம், நடைபாதை, விளிம்பு, வேலி என நான்கு பெயர்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முதலில் கண்ணிற்படும் எண் 14. அதைக் கொண்டு 22/7 × 14 = 44 மீட்டர் எனக் கணித்து நிறுத்திவிடும் மாணவர் குளத்தின் சுற்றளவைக் கண்டாரேயன்றி வேலியைக் காணவில்லை. வெளி ஆரம் 7 + 3.5 = 10.5 மீட்டர், வேலியின் நீளம் 2 × 22/7 × 10.5 = 66 மீட்டர்.

தொடரின் இறுதியில் நிற்கும் பெயரே தலைமைப் பெயர் என்பதால், இத்தகைய வினாவைப் பின்னிருந்து முன்னாக வாசிக்குமாறு பயிற்றுவிக்கும் வழக்கம் உண்டு. என்ன கேட்கப்படுகிறது என்பதை அறிய அது உதவும். ஆயினும் தமிழ்த் தொடரின் இயல்பான வரிசையில் ஒரு வசதி இருப்பதை அப்பயிற்சி மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே வினா வேலியில் தொடங்கி விளிம்பு, நடைபாதை, குளம் என உள்நோக்கிச் செல்லும். வரைபவர் வேலியை முதலில் வரைய இயலாது. குளம் இருந்தால்தான் நடைபாதைக்கு இடம் உண்டு. தமிழிலோ எது முதலில் இருக்க வேண்டுமோ அது முதலில் சொல்லப்படுகிறது. குளம் என்றவுடன் ஒரு வட்டம், நடைபாதை என்றவுடன் அதைச் சூழ்ந்த மற்றொரு வட்டம், விளிம்பு என்றவுடன் வெளிவட்டத்தின்மேல் ஓர் அழுத்தக்கோடு என்று பெயர்தோறும் நிறுத்தி வரையச் செய்தால், தொடர் முடியும்போது படமும் முடிந்திருக்கும். எண்களை அவ்வப்போது உரிய இடத்தில் எழுதிவிடுவதால் 14 என்பது குளத்தின் விட்டமாகவே நிற்கும், வேலியோடு ஒட்டிக்கொள்ளாது.

நீண்ட தொடரைச் சிறு வாக்கியங்களாக உடைப்பதே எளிமை என்னும் கருத்து இங்கே மறுபரிசீலனைக்குரியது. 'ஒரு வேலி அமைக்கப்படுகிறது. அது நடைபாதையின் வெளி விளிம்பில் உள்ளது. நடைபாதை குளத்தைச் சுற்றியுள்ளது' என்று ஆங்கில வரிசையில் உடைத்தால் வாக்கியங்கள் சிறியனவாகும். படமோ வரைய இயலாததாகும். உடைக்க வேண்டுமாயின் குளத்திலிருந்து தொடங்கி உடைத்தல் வேண்டும்.

'சுற்றி' என்னும் வினையெச்சத்திற்கும் தனிக் கவனம் தேவை. 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட பூங்காவைச் சுற்றி வெளிப்புறமாக 2 மீட்டர் அகலமுள்ள நடைபாதை அமைந்தால் அதன் பரப்பளவு 34 × 24 − 30 × 20 = 216 சதுர மீட்டர். உட்புறமாக அமைந்தால் 600 − 26 × 16 = 184 சதுர மீட்டர். 'வெளிப்புறமாக', 'உட்புறமாக' என்னும் சொற்கள் விடுபட்டால் வினா குறையுடையது. அவை இருப்பினும் 32 × 22 என எழுதி 104 சதுர மீட்டர் என்று விடை காண்போர் உளர். இதில் வியப்பில்லை, வினாவில் 2 என்னும் எண் ஒரு முறையே வருகிறது. நீளத்தின் இரு முனைகளிலும் பாதை உண்டு என்பதைச் 'சுற்றி' என்னும் எச்சமே உணர்த்துகிறது.

எச்சத்தினுள் மறைந்த சமன்பாடு

நடுநிலை வகுப்புக் கணக்குகளில் வினையெச்சம் ஒன்றே ஒரு சமன்பாட்டிற்கு ஈடாக நிற்பதுண்டு. '44 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியை வளைத்து வட்டமாக்கினால் அடைபடும் பரப்பளவு யாது? அதே கம்பியைச் சதுரமாக வளைத்தால்?' என்னும் வினாவில் கம்பியின் நீளமும் வடிவத்தின் சுற்றளவும் சமம் என எங்கும் சொல்லப்படவில்லை. 'வளைத்து' என்பதே அதைச் சொல்கிறது. வட்டத்தின் ஆரம் 7 சென்டிமீட்டர், பரப்பளவு 154 சதுர சென்டிமீட்டர்; சதுரத்தின் பக்கம் 11 சென்டிமீட்டர், பரப்பளவு 121 சதுர சென்டிமீட்டர். நீளம் மாறாதிருக்கப் பரப்பு மாறுவதை மாணவர் நேரில் காணும் நல்ல இடம் இது. உயர் வகுப்புகளில் 'உருக்கி' என்னும் எச்சம் கன அளவு மாறாமையை இவ்வாறே உணர்த்தும். 'ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு பாதைகள்' என்பதில் 'வெட்டி' என்பது இரு பாதைக்கும் பொதுவான ஒரு சதுரம் உண்டு என்பதைக் குறிக்கிறது. மேற்கண்ட பூங்காவின் நடுவே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 3 மீட்டர் அகலப் பாதைகள் செங்குத்தாக வெட்டிச் சென்றால் பரப்பளவு 90 + 60 − 9 = 141 சதுர மீட்டர். அந்த 9ஐக் கழிக்கச் சொல்லும் சொல் வினாவில் வேறெதுவும் இல்லை.

வேலி என்றால் சுற்றளவு, வண்ணம் பூசுதல் என்றால் பரப்பளவு எனச் சொற்பட்டியல் தந்து பயிற்றும் முறை இதற்கு மாற்றாகாது. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய அறையின் உட்புறத்திற்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றால் நான்கு சுவர்களும் மேற்கூரையும் சேர்ந்து 54 + 20 = 74 சதுர மீட்டர். ஆறு முகங்களையும் கூட்டி 94 எனக் கொள்பவர் தரைக்கும் வெள்ளையடிக்கிறார். சொல்லைக் கண்டு வாய்பாட்டைத் தேடும் பழக்கம், வீட்டில் நாள்தோறும் பார்க்கும் சுவரை மறக்கச் செய்கிறது.

கணக்கதிகாரம் தரும் ஒரு சான்று

குறியீடுகள் இல்லாமல் அளவியலைச் சொற்களாலேயே கூறிய மரபு தமிழுக்கு உண்டு. காரி நாயனாருக்குரியதாகக் கூறப்படும் கணக்கதிகாரம், வட்டத்தின் பரப்பைக் காணச் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்குமாறு செய்யுளில் விதிக்கிறது. விட்டம் 14, சுற்றளவு 44 எனக் கொண்டால் 22 × 7 = 154 என இன்றைய வாய்பாடு தரும் விடையே கிடைக்கும். இங்கு நோக்கத்தக்கது சொல்லாட்சி. பெருக்கலுக்குத் 'தாக்குதல்' என்னும் சொல் வருகிறது. 'வட்டம்' என்பது வடிவத்தையன்றிச் சுற்றளவைக் குறிக்கிறது. பரப்பின் அலகு 'குழி'. திண்ணைப் பள்ளிகளில் குழிமாற்று வாய்பாடுகளை ஓதியவர்க்கு இச்சொற்கள் ஐயத்திற்கிடமின்றி விளங்கியிருக்கும். இன்றைய வாசகர் 'வட்டத்தில் பாதி' என்பதை அரைவட்டம் எனக் கொண்டால் விதி பொருளற்றதாகிவிடும்.

இன்றும் இந்நிலை முற்றிலும் நீங்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் 'ஆரம்' என்பதை இலங்கைப் பாடநூல் 'ஆரை' என்கிறது. 'சுற்றளவு', 'பரப்பளவு', 'கன அளவு', 'கொள்ளளவு' என நான்கு கலைச்சொற்களும் 'அளவு' என்றே முடிவதால் விரைந்து வாசிக்கும் மாணவருக்கு வேறுபாடு சொல்லின் முற்பகுதியில் மட்டுமே உள்ளது. 'சுற்று', 'பரப்பு' என்னும் வினைகளைக் கொண்டே அவற்றை விளக்கலாம்: ஒன்று ஓரத்தில் நடப்பது, மற்றொன்று தரைமேல் நெல்லைப் பரப்புவது. வினையடியிலிருந்து பொருள் தெரியும் இந்த வசதி ஆங்கிலவழி மாணவருக்குக் கிடைப்பதில்லை.

மதிப்பீட்டில் பிழையின் இடம்

வேலிக் கணக்கில் 44 என எழுதிய விடைத்தாளும், வெளி ஆரம் 10.5 எனக் கண்டபின் பெருக்கலில் தவறி 60 என எழுதிய விடைத்தாளும் ஒரே சிவப்புக் குறியைப் பெறுகின்றன. இரண்டாமவருக்குப் பெருக்கல் பயிற்சி தேவை. முதலாமவரின் பெருக்கல் பிழையற்றது. அவருக்கு மேலும் பத்துப் பெருக்கல்களைத் தருவதால் பயனில்லை. அவர் வரைந்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் ஒரு வட்டம் மட்டுமே இருக்கக் கூடும். 'சுற்றி அமைந்த' என்னும் சொற்களுக்குக் கீழே கோடிட்டு, இரண்டாவது வட்டத்தை எங்கே வரைவது என வினவுவதே அவருக்குரிய பயிற்சி. அந்த வினாவைக் கணித ஆசிரியரும் கேட்கலாம், பெயரெச்சம் நடத்தும் தமிழாசிரியரும் கேட்கலாம்.