பாடாத கணினியும் பாட்டின் காவலும்



கல்லூரி மண்டபம் நிறைந்திருந்தது. மறைந்த எமது சங்கீத ஆசிரியையின் நினைவாகக் கூடியிருந்தோம். அம்மையார் பாடிய பாடல்கள் பழைய ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டு, இராகம் இராகமாக வகுக்கப்பெற்றிருந்தன. மாணவன் ஒருவன் இசைக்கும் மென்பொருளைத் திறந்தான். பட்டியல் வெறுமையாய் நின்றது. ஒரு பாடலேனும் அதில் இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மையாரின் மகளார் தலை குனிந்தார். அதிபராகிய யான் நின்ற நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அக்கணினி லினக்ஸ் என்னும் முறைமையில் இயங்குவது. 1991ஆம் ஆண்டிலே பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கருவின்மேல், உலகெங்குமுள்ள பலர் கூடிக் கட்டியெழுப்பியது அது. விலையின்றிக் கிடைப்பது, பழைய கணினிகளிலும் இயங்குவது, ஆதலின் வசதி குறைந்த பாடசாலைகளுக்குப் பெருந்துணை. ஆயினும் பாட்டுக் கேட்க முற்படுவோரின் பொறுமையை அது இடைக்கிடை சோதிப்பதுண்டு. காரணம் யாது?

கோப்பில் உறங்கும் பாடல் ஒலிபெருக்கியை அடையுமுன் பல கைகள் மாறுகின்றது. இசைக்கும் மென்பொருள் கோப்பைத் திறக்கின்றது. சுருக்கி வைத்த ஒலியை வேறொரு நிரற்றொகுதி விரிக்கின்றது. பல மென்பொருள்களின் ஒலிகளை மற்றொன்று கலக்கின்றது. இறுதியில் கருவின் பகுதியொன்று அதனை ஒலியட்டைக்கு அனுப்புகின்றது. இவை ஒவ்வொன்றையும் ஆக்குவோர் வெவ்வேறு குழுவினர். ஒருவர் தம் பகுதியைத் திருத்தியமைக்க, மற்றவர் அதற்கேற்ப மாறாதிருப்பின், சங்கிலி அறுகின்றது, பாடல் நிற்கின்றது.

சட்டமும் ஒரு காலத்தில் தடையாயிருந்தது. எம்.பி.3 முறைக்குக் காப்புரிமை இருந்தமையால், லினக்ஸ் வெளியீடுகள் பல அதனை விரிக்கும் பகுதியைத் தம்முடன் வழங்கவில்லை. 2017ஆம் ஆண்டளவில் அவ்வுரிமைகள் முடிவுற்றதும் அத்தடை நீங்கிற்று. ஒலிகளைக் கலக்கும் பணியைப் பல்ஸ்ஓடியோ என்னும் பகுதி ஏற்றபோது, தொடக்க ஆண்டுகளில் ஒலி தடைப்படுவதாகப் பலர் முறையிட்டனர். 2021ஆம் ஆண்டு முதல் பைப்வயர் என்னும் புதியது அவ்விடத்தைப் பெற்று வருகின்றது.

இசைக்கும் மென்பொருள்களின் வரலாறும் அத்தகையதே. அமரோக் என்பதன் 1.4ஆம் பதிப்பைப் பலர் விரும்பினர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் அது புதிதாக எழுதப்பட்டு 2.0 என வெளிவந்தபோது, பழகிய வசதிகள் சில அதில் இல்லை. மனம் ஒவ்வாதோர் பழைய பதிப்பைத் தழுவிக் கிளமென்டைன் என்பதை 2010இல் வெளியிட்டனர். அதன் வளர்ச்சி தளர்ந்தபோது, 2018இல் ஸ்ட்ரோபெரி கிளைத்தது. விரும்பியவர் எடுத்துத் தொடரலாம் என்பது இம்முறையின் வலிமை. எதுவும் நிலைத்து நிற்கும் என்று எவரும் உறுதி கூறார் என்பது அதன் குறை.

தமிழர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. எம்.பி.3 கோப்பினுள் பாடலின் பெயரை எழுதி வைக்கலாம். அதற்கென 1996இல் வகுத்த முதல் முறையிலே தலைப்புக்கு 30 பைற்றுகளே இடம். இன்று பெரிதும் வழங்கும் யூனிகோட் எழுத்துமுறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று கொள்ளும். புள்ளியும் ஒரு குறியீடே. ஆகவே 10 குறியீடுகளுக்கே அங்கு இடமுண்டு. 'சங்கராபரணம்' என்று எழுதினால், இறுதிப் புள்ளியை இழந்து 'சங்கராபரணம' என நிற்கும்! பின்வந்த முறைகள் இக்குறையை நீக்கின. எனினும் பழைய குறிப்பையே படிக்கும் மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தோன்றும்.

இனி, எமது மண்டபத்துக்கு மீள்வோம். நடந்தது இதுதான். முன்னைய வாரத்தில் கணினி புதுப்பிக்கப்பட்டிருந்தது. இசைக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு, பழைய பதிப்பு எழுதிய தரவுத்தளத்தைப் படிக்க மறுத்தது. நாம் வகுத்த வரிசை முழுவதும் அத்தரவுத்தளத்தில் மாத்திரமே இருந்தது. பாடல்களோ அழியவில்லை. மாணவன் கோப்புறையைத் திறந்து, பெயரைக் கொண்டு ஒரு பாடலைத் தேடி, வேறொரு சிறு மென்பொருளில் இயக்கினான். அம்மையாரின் குரல் எழுந்தது. மகளார் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று யான் கற்ற பாடங்களைச் சொல்லி முடிக்கின்றேன். பாடலின் பெயரும் இராகமும் கோப்பின் பெயரிலேயே விளங்கட்டும். பாடல் வரிசையை எம்.3.யு என்னும் எளிய எழுத்துக் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அதனைப் படிக்கும். விழா நெருங்கும் வேளையில் கணினியைப் புதுப்பியாதீர்கள். வேறொரு வட்டில் மற்றொரு படி இருக்கட்டும். பிழை கண்டால், சினந்து எழுதாது, எப்பதிப்பில் என்ன நேர்ந்தது என்று ஆக்கியோர்க்குத் தெரிவியுங்கள். அவர்களுட் பலர் ஊதியம் பெறாது உழைப்பவர்.

ஏடு எழுதிய நம் முன்னோர், ஏடு செல்லரிக்குமுன் மறுபடி எழுதினர். அதனாலேயே நூல்கள் நம்மை வந்தடைந்தன. கருவி மாறும், மென்பொருள் மறையும். மறைந்தோரின் குரலை மறையாது காப்பது நம் கடமை.