இலைச்சாறும் உடனொளிரும் உலோகக் கொத்தும்

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் அது சிவக்கும். தம்பின் வட்டாரத் தோட்டங்களில் மணவீடுதோறும் ஆலத்தி சுற்றிய நம் மூத்தோர் இதனை நன்கறிவர். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தைக் கண்டதும் நிறம் மாறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத வேதிப்பொருளைப் புலப்படுத்துவதால் மஞ்சளும் ஓர் உணரியே.

ஆயினும், நீரில் கரைந்த சிறிதளவு பாதரச உப்பை மஞ்சள் காட்டிக்கொடாது. அவ்வுப்பால் நீரின் நிறமோ மணமோ மாறுவதில்லை. கிணற்றையும் ஓடையையும் நம்பி வாழ்வோர்க்குத் தெளிந்த நீரே நல்ல நீர். அத்தெளிவு ஏமாற்றவும் கூடும். இங்கேதான் மீநுண் உலோகக் கொத்துகள் துணைபுரிகின்றன.

பொன், வெள்ளி, செம்பு போன்ற உலோகத்தின் அணுக்கள் சில முதல் நூறு வரை கூடிய திரளைக் கொத்து என்கிறோம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 நானோமீட்டருக்குள் அடங்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். இவ்வளவு சிறுத்த பொன், நகைப்பொன்னைப் போல் மின்னுவதில்லை. புற ஊதாக் கதிரை உட்கொண்டு வேறு நிற ஒளியை உமிழ்கிறது.

2009இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மாட்டுக் குருதிப் புரதத்தைக் கொண்டு 25 அணுக்கள் அடங்கிய பொற்கொத்தை உருவாக்கினர். அது சிவப்பாக ஒளிர்ந்தது. பாதரச அயனி சேர்ந்ததும் அவ்வொளி மங்குவதை 2010இல் காட்டினர். மங்கிய அளவே பாதரசத்தின் அளவைக் கூறும்.

புரதத்தின் இடத்தில் இலைச்சாற்றை வைப்பதே அடுத்த படி. சாற்றிலுள்ள பாலிபீனால்கள் உலோக அயனிகளை அணுக்களாக்குகின்றன. சாற்றின் பிற பொருள்களோடு சேர்ந்து கொத்தைப் போர்த்தி, மேலும் பருக்காமல் காக்கின்றன. பருத்தால் ஒளி குன்றும். எனினும், மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சாறு வேறுபடும். பிற உலோகங்களும் ஒளியை மங்கச் செய்யலாம். ஆகவே ஆய்வகச் சோதனையால் முடிவை உறுதிசெய்தல் வேண்டும்.

சொல்லையும் நோக்குவோம். 1852இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரைத் தழுவி 'புளோரசன்ஸ்' என்றார். அப்பெயர் கல்லைக் காட்டுகிறது, நிகழ்வைக் காட்டவில்லை. தமிழில் வழங்கும் 'உடனொளிர்தல்', கதிர் படும்போதே ஒளிர்வதைச் சொல்கிறது. கதிர் நீங்கிய பின்னும் ஒளிர்வது 'நின்றொளிர்தல்'. இவ்விரு சொற்களை விளக்கினாலே பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

ஆசிரியர்கள் சிறிது மஞ்சள்தூளை ஆல்கஹாலில் கரைத்து, பணத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கின்கீழ் காட்டலாம். மாணவர் விளக்கை நேராகப் பார்த்தல் ஆகாது. பசுமஞ்சள் ஒளி தோன்றும். விளக்கை அணைத்ததும் மறையும். 'உடன்' என்னும் சொல்லின் பொருளை மாணவர் அப்போது கண்ணாலேயே காண்பர்.