மாத்திரை வீட்டுக்கே வருகிறது, துணைக்கு யார் வருவது?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வசிக்கும் ஒரு ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். ஆயாவுக்கு சுகரும் பிரஷரும் உண்டு. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஆயா?"

"போடுறேன்மா."

ஆனால் போன முறை கொடுத்த அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. 'ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்' என்று ஆயா ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடுகிறார். சாப்பிடாமல் சுகர் மாத்திரை போட்டால் மயக்கம் வருகிறது. அதனால் மாத்திரையையும் விட்டுவிட்டார்.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களைக் கேட்டால், "இதுமாதிரி எங்க ஊர்லயும் இருக்காங்க" என்பார்கள். ஆயாவுக்குக் குறைவது மருந்து அல்ல, மனிதத் துணை. அந்தத் துணையைக் கண்டுபிடித்து நோயாளியோடு இணைத்து வைப்பதும் ஒரு தொழில்திறன். அதற்கும் பயிற்சி உண்டு.

துணை என்றால் என்ன?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-ல் சமூகத் துணையை நான்காகப் பிரித்தார். சுகாதாரப் பயிற்சிகளில் இன்றும் இந்தப் பிரிவு பயன்படுகிறது. ஆயாவுக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம்.

• மனத்துணை: தினமும் ஒருவர் வந்து "சாப்டீங்களா?" என்று கேட்பது.
• கைத்துணை: ராத்திரி இரண்டு இட்லி கொடுப்பது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது.
• தகவல் துணை: எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று புரியும்படி சொல்வது.
• ஊக்கத் துணை: "போன மாசத்தைவிட சுகர் குறைஞ்சிருக்கு ஆயா, நல்லா பார்த்துக்கிறீங்க" என்று சொல்வது.

நான்கையும் ஒரே ஆள் தர முடியாது. எது யாரிடம் கிடைக்கும் என்று பார்ப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சா?

இல்லை. கலிஃபோர்னியாவின் அலமீடா பகுதியில் சுமார் 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1979-ல் வெளியானது. உறவும் நட்பும் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று அது காட்டியது. உலக சுகாதார அமைப்பின் குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார். ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகளோடு தனிமைக்குத் தொடர்பு உள்ளதாகவும் அது மதிப்பிடுகிறது.

ஜிம்பாப்வே நாட்டில் 2006-ல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிகள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வு உள்ளவர்களிடம் பேசுகிறார்கள். அதனால் ஆறு மாதத்தில் அறிகுறிகள் குறைந்ததை 2016-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருதையும் பெற்றது. சுகர், பிரஷர் மருந்துகளோடு இயன்முறை சிகிச்சை, நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவையும் இதில் வீட்டுக்கே வருகின்றன.

இதன் தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வருகிறவர்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு யார் பேச்சு வார்த்தை உண்டு என்பது இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த ஊர் அறிவை முறைப்படி பயன்படுத்தக் கற்றுத் தருவதுதான் பயிற்சி.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

ஒரு தாளின் நடுவில் நோயாளியின் பெயரை எழுதுவார்கள். சுற்றிலும் பக்கத்து வீடு, மகன், குழுத் தலைவி, ரேஷன் கடை, நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போனவர்கள் என்று குறிப்பார்கள். யாரோடு நெருக்கம், யாரோடு சண்டை என்பதும் அதில் வரும். "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்காமல், "ராத்திரி உடம்பு சரியில்லன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்கப் பழகுவார்கள்.

செய்யக்கூடாதவையும் பாடத்தில் உண்டு. நோயாளி சம்மதிக்காமல் அவர் நோயைப் பக்கத்து வீட்டில் சொல்லக்கூடாது. காசநோய், மனநோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எல்லா வேலையையும் ஒரே மருமகள் தலையில் கட்டக்கூடாது. மருந்தின் அளவை மாற்றச் சொல்வது மருத்துவர் மட்டுமே.

நீங்கள் செய்யக்கூடியது

• வெளியூரில் இருந்தால் அம்மா அப்பாவிடம் போனில் "என்ன சாப்பிட்டீங்க?" என்று தினமும் கேளுங்கள். மாத்திரை அட்டையை வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்.
• தன்னார்வலர் வரும்போது நம்பகமான பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு கொடுத்து வையுங்கள்.
• மாத்திரை போட்டு மயக்கம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.

போனில் பதிந்து வைக்க: மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567, அவசரத்துக்கு 108.

நம் ஆயாவுக்கு எதிர்வீட்டிலிருந்து ராத்திரி இரண்டு இட்லி போதும். இட்லி வந்தால் அவர் மாத்திரையும் போட்டுக்கொள்வார். உங்கள் தெருவில் அப்படி ஒரு ஆயா இருந்தால், இன்று ராத்திரி ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.