இருமல் மருந்தில் சிக்கிய சிக்ஸர் வீரர்

இருமல் வந்தால் மருந்துக்கடையில் ஒரு சிரப் கேட்டு வாங்கிக் குடிப்பது தாம்பரம், சேலையூர் பக்கம் பல வீடுகளின் வழக்கம். வீட்டில் போட்டிகளில் ஆடும் பிள்ளை இருந்தால், கிரிக்கெட் வீரர் யூசுப் பதானுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்?

சென்னை ரசிகர்கள் இவரை எளிதில் மறக்க மாட்டார்கள். 2008-ல் முதல் ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 3 விக்கெட் எடுத்து, 39 பந்தில் 56 ரன் விளாசி, கோப்பையை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோனவர். 2010-ல் மும்பைக்கு எதிராக 37 பந்தில் சதம் அடித்தார். அதே ஆண்டு பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 123 ரன்தான், 316 ரன் இலக்கை இந்தியா எட்ட வழி செய்தது.

என்ன நடந்தது?

2017 மார்ச் 16 அன்று, உள்நாட்டு டி20 போட்டியின்போது டெல்லியில் அவரிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. தெரியாமல் உட்கொண்டது என்ற விளக்கத்தைக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 5 மாதத் தடை விதித்தது. 2019-ல் இதே மருந்துக்காகக் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 8 மாதத் தடை விதிக்கப்பட்டது.

இருமல் மருந்துக்கு ஏன் தடை?

டெர்பியூட்டலின் மூச்சுக்குழாயைத் தளர்த்தி சளி, இளைப்பைத் தணிக்கும். நம் ஊரில் விற்கும் பல சிரப்புகளில் இது கலந்திருக்கிறது. இந்த வகை மருந்துகள் அதிக அளவில் உடலில் சேர்ந்தால் தசை வலுவைக் கூட்டக்கூடும் என்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாதிரியில் மருந்து இருந்தாலே குற்றம். வேண்டுமென்றே எடுத்தாரா என்பது தண்டனையின் அளவை மட்டுமே மாற்றும்.

பதானுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் உண்டு. பேஸ்பாலில் 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ், ஊக்கமருந்துக்காக ஒருநாள்கூட இடைநீக்கம் செய்யப்படவில்லை. ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய பால்கோ ஆய்வக விவகாரத்தில் எழுந்த சந்தேகம் அவரை விடவில்லை. பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற 75 சதவீத வாக்கு வேண்டும். பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் பத்தாவது, கடைசி முறையான 2022-ல் அவருக்குக் கிடைத்தது 66 சதவீதம். சோதனையில் சிக்கிய பதானோ தடை முடிந்து ஐபிஎல்லுக்குத் திரும்பினார். 2024-ல் மேற்கு வங்கத்தின் பஹரம்பூர் தொகுதி எம்.பி. ஆனார்.

என்ன செய்யலாம்?

2019 ஆகஸ்டில் இந்தியக் கிரிக்கெட்டும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் கீழ் வந்துவிட்டது. பிள்ளை போட்டியில் ஆடுவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறு பிராண்டைக் கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளடக்கத்தைத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தடைசெய்த மருந்தே தேவை என்றால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு.