பாஸ்பரஸை வென்ற சுண்ணாம்பு
பிளைனாவன் இரும்பாலை, வேல்ஸ்

எஃகில் பாஸ்பரஸ் சற்றே கூடினாலும் போதும், குளிரில் தண்டவாளம் கண்ணாடிபோல் உடையும். 1856இல் ஹென்றி பெசமர் அறிவித்த முறையில், உருகிய இரும்புக்குள் ஊதிய காற்று கார்பனையும் சிலிக்கனையும் எரித்தது. பாஸ்பரஸ் அப்படியே தங்கியது. ஐரோப்பாவின் தாதுக்களில் பெரும்பகுதி இதனாலேயே எஃகுக்கு உதவவில்லை.

லண்டன் காவல் நீதிமன்ற எழுத்தரான சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், வேலை முடிந்த மாலைகளில் வேதியியல் படித்தவர். இந்த ஆலையின் வேதியியலாளரான ஒன்றுவிட்ட சகோதரர் பெர்சி கில்கிறிஸ்டுடன் 1870களின் இறுதியில் இங்கே சோதனைகள் நடத்தினார். உலையின் உட்புறத்தில் மணற்கல்லுக்குப் பதில் சுண்ணாம்புக் கற்களைப் பதித்து, உருக்கிலும் சுண்ணாம்பு சேர்த்தார்கள். எரிந்த பாஸ்பரஸ் சுண்ணாம்போடு கூடிக் கசடாக மேலே மிதந்தது.

எப்போது காற்றை நிறுத்துவது? கார்பன் தீர்ந்ததும் உலைவாயில் சுடர் தணிந்துவிடும்; பாஸ்பரஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகே விலகும். ஆகவே மேலும் சில நிமிடங்கள் ஊதி, கரண்டியில் மாதிரி மொண்டு, சம்மட்டியால் தட்டி, நீரில் குளிர்வித்து உடைத்தார்கள். முறிவில் பெரிய, பளபளக்கும் மணிகள் தெரிந்தால் பாஸ்பரஸ் மிச்சம். மறுபடி ஊத வேண்டும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லாத அந்த நிமிடங்களில் தொழிலாளியின் தேர்ந்த கண்ணே அளவுகோல்.

பாஸ்பரஸ் நிறைந்த கசடை அரைத்து விவசாயிகள் உரமாக்கினார்கள். தாமஸ் 1885இல், 34 வயதில் இறந்தார்.