ரொஸ்காவின் இரு இசைத்தட்டுகள்

ஒப்பெரா என்னும் மேனாட்டு இசைநாடகத்தை இசைத்தட்டிற் கேட்போர்க்கு அரங்குமில்லை, ஒப்பனையுமில்லை. பாத்திரத்தின் நெஞ்சம் முழுவதும் குரல்வழியே புலனாதல் வேண்டும். 1900 இல் உரோமாபுரியில் அரங்கேறிய பூச்சினியின் 'ரொஸ்கா' இதற்குத் தக்க உரைகல்லாகும்.

அந்நாடகத்தை மரியா கலாஸ் இசைத்தட்டிற்கென இருமுறை பாடினார். முதற்பதிவு 1953 ஆகஸ்டில், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில், விக்ரர் டி சபாற்றாவின் நெறியாள்கையில் நிகழ்ந்தது. காதலனாக யூசெப்பே டி ஸ்ரெபானோவும், கொடிய காவற்றலைவன் ஸ்கார்ப்பியாவாக ரிற்றோ கொபியும் பாடினர். மற்றையது 1964 இன் இறுதியிற் பாரிசிற் பதிவாயிற்று. கொபி அதிலும் உளர். பின்னது ஸ்ரீரியோ முறையிலமைந்தது. முன்னது ஒற்றைவழி ஒலிப்பதிவே. கருவியை மட்டும் நோக்கின் பின்னதே சிறத்தல் வேண்டும். ஆயினும் இசையறிஞர் பலர் முன்னதையே போற்றுவர். காரணம் யாது?

1964 இற் கலாசின் குரல் உச்சத்தாயியில் நடுங்கலாயிற்று என்பது உண்மை. அதுமட்டுமன்று. ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொன்றபின், அவன் உடலை நோக்கி ரொஸ்கா தாழ்ந்த ஒரே சுரத்திற் சில சொற்கள் மொழிகிறாள். பாட்டெனவும் பேச்செனவும் கூறவொண்ணாத அவ்விடத்தில், முந்திய பதிவில் வெறுப்பும் வியப்பும் ஒருங்கே ஒலிக்கின்றன. சற்றுமுன் கொந்தளித்த சபாற்றாவின் வாத்தியக்குழு அடங்கி அவற்றுக்கு இடமளிக்கின்றது. கொபியோ கொடுமையை உரத்த குரலிலன்றி உபசாரமொழி போன்ற மென்மையிலே காட்டுகிறார்; அச்சந் தருவது அம்மென்மையே.

நாடகம் பயிற்றும் ஆசிரியர் அவ்விரண்டாம் அங்கத்தையேனும் மாணவர்க்குக் கேட்பிக்கலாம். கதையை முன்னரே கூறிவிடின், இத்தாலிய மொழி அறியாமை பெருந்தடையாகாது.