லண்டன் வெள்ளி ஏன் நின்றுபோனது? பவானி தந்தக் கட்டிலும் கம்பெனிக் கடிதங்களும்!

பவானி சங்கமேஸ்வரர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள், வேதநாயகி அம்மனைக் கும்பிட்ட கையோடு விசாரிக்கும் விஷயம் ஒன்று உண்டு. "அந்த வெள்ளைக்கார துரை கொடுத்த கட்டில் எங்கே இருக்கு?"

யானைத் தந்தத்தில் செய்த சிறிய கட்டில் அது. கொடுத்தவர் வில்லியம் கேரோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர். கட்டிலில் அவருடைய கையெழுத்தும் 1804 என்ற ஆண்டும் இருக்கின்றன. மழை கொட்டிய ஓர் இரவில், சின்னப் பெண் ஒருத்தி வந்து துரையை எழுப்பி வெளியே அழைத்துப் போனாள், அவர் வாசலைத் தாண்டியதுமே பங்களா இடிந்து விழுந்தது, வந்தவள் வேதநாயகிதான் என்பது ஊர் சொல்லும் கதை. கோயிலுக்குள் வர முடியாத துரை அம்மனைத் தரிசிக்க, மதிலில் போட்ட மூன்று துளைகளை இன்றும் காட்டுகிறார்கள்.

கட்டில் கதை கொங்கு நாட்டில் பலருக்கும் தெரியும். ஆனால், கேரோவுக்குப் பவானியில் என்ன வேலை?

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கொங்கு நாடு கம்பெனியின் கைக்குப் போனது. அவர்கள் அதை இரண்டாகப் பிரித்து, வடபகுதிக்குப் பவானியையும் தென்பகுதிக்குத் தாராபுரத்தையும் தலைமை ஊராக வைத்துக்கொண்டார்கள். கோவைக்கு அந்தப் பெருமை பிறகுதான் கிடைத்தது. ஆக, கூடுதுறைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலெக்டருக்கு முக்கியமான வேலைகள் இரண்டு. ஒன்று, வரி வசூலிப்பது. இன்னொன்று, வசூலித்ததைப் பற்றிக் கடிதம் எழுதுவது.

அந்தக் கடிதம் சென்னையில் இருந்த வருவாய் வாரியத்துக்குப் போகும். அங்கிருந்து கவர்னரின் கவுன்சிலுக்கு. முக்கியமானது என்றால், கப்பலேறி லண்டன் லெடன்ஹால் தெருவுக்கு. கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது. அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியுமா? முன்னொரு காலத்தில் அங்கே ஈயத் தகடு வேய்ந்த கூரையோடு ஒரு மாளிகை இருந்தது. ஈயக்கூரை மாளிகைத் தெரு என்று நம் ஊர்ப் பாணியில் சொல்லலாம்.

பெயரில் மட்டுமல்ல, கம்பெனியின் வியாபாரத்திலும் ஈயம் இருந்தது. கூடவே வெள்ளியும்.

மலையில் தோண்டியது... மெட்ராஸில் இறங்கியது

இங்கே ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை; கனமான, கறுத்த காரீயம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கு மலைகளில், ஆலன்டேல், வியர்டேல் பள்ளத்தாக்குகளில் அதைத் தோண்டினார்கள். பிளாக்கெட் என்ற பணக்காரக் குடும்பத்துக்கு அங்கே பெரிய சுரங்கங்கள் இருந்தன. குதிரைகளின் முதுகில் தாதுவை ஏற்றி, மேட்டு நிலம் தாண்டி டியூக்ஸ்ஃபீல்டு போன்ற உருக்காலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உருக்கிய ஈயம் நியூகாசில் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது.

அந்த ஈயத்துக்குள் கொஞ்சம் வெள்ளியும் ஒளிந்திருக்கும். எலும்புச் சாம்பல் மெழுகிய உலையில் ஈயத்தைக் காய்ச்சினால், ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்ஸைடாகிப் பிரிந்துவிடும். கடைசியில் வெள்ளி மட்டும் பளபளவென்று நிற்கும். நம் ஊர் ஆசாரிகளும் இதே ஈய முறையில் வெள்ளியைச் சுத்தம் செய்தவர்கள்தான். ஒரு டன் ஈயத்துக்குச் சில அவுன்ஸ் வெள்ளி. அதற்காகவே உலையை மூட்டினார்கள் என்றால் வெள்ளியின் மதிப்பு புரியும்.

அந்தக் குடும்பத்தின் ஏஜென்டுகள் எழுதிக்கொண்ட கடிதங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஈயம் என்ன விலை போகிறது, பாதை சேறாகிக் குதிரை போக முடியவில்லை, யார் பாக்கி வைத்திருக்கிறார்... எல்லாம் அன்றாடப் புலம்பல்தான். அண்மைக் காலத்தில் அந்தப் பகுதித் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, மங்கிய கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, எல்லோரும் வாசிக்கும்படி ஆக்கியிருக்கிறார்கள்.

இந்த ஈயத்துக்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு? கம்பெனி வெறும் வெள்ளியை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது என்று இங்கிலாந்தில் கூச்சல் எழுந்தது. ஏற்றுமதியில் பத்தில் ஒரு பங்காவது உள்நாட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்று 1698 சாசனம் நிபந்தனை போட்டது. கம்பளித் துணி அனுப்பினார்கள். மெட்ராஸ் வெயிலில் கம்பளியை யார் வாங்குவது? ஈயம் அப்படியல்ல. கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்கு ஆகும். இங்கே வந்தால் துப்பாக்கிக் குண்டு வார்க்கவும் ஆகும். தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்படும்வரை கொங்கு மண்ணில் கம்பெனிப் படையோடு நடந்த சண்டைகளை நினைத்துப் பார்த்தால், ஈயம் வெறும் சரக்கல்ல என்பது விளங்கும்.

ஆனாலும் கப்பலின் உண்மையான மதிப்பு வெள்ளிப் பெட்டிகளில்தான் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கம்பெனி ஆசியாவுக்கு அனுப்பியதில், மதிப்பின்படி ஏறக்குறைய முக்கால் பங்கு வெள்ளியும் தங்கமும்தான். இங்கிலாந்து ஈயத்தில் கிடைத்த வெள்ளி இதற்கு மூக்குப்பொடி அளவுகூடக் காணாது. மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையிலும் தோண்டிய ஸ்பானிய வெள்ளியை ஐரோப்பியச் சந்தைகளில் வாங்கித்தான் அனுப்பினார்கள்.

மெட்ராஸில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் பெட்டிகளை இறக்கி, அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்க்க வேண்டும். பிறகு எடை, தரம் பார்த்து, நாணயச்சாலையில் ரூபாயாக அடிப்பார்கள். 1742 முதல் அங்கே ஆற்காடு ரூபாயும் அடிக்கப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்த உரிமையை 1736-லேயே நவாபிடம் வாங்கிவிட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் புகழ்பெற்ற நாட்குறிப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கப்பல் வந்த சேதியும் வியாபாரப் பேச்சும் கலந்து அவர் எழுதியதால்தான், இந்த வணிகத்தைத் தமிழர் ஒருவரின் கண் வழியாகவும் நம்மால் பார்க்க முடிகிறது.

திட்டித் தீர்த்துவிட்டு 'உங்கள் அன்பு நண்பர்கள்'!

லண்டனிலிருந்து வந்த கடிதங்களின் அழகே தனி. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருப்பார்கள். பதில் எழுதுகிறவர் அந்த எண்ணைச் சொல்லி வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கப்பல் மூழ்கினாலும் சேதி மூழ்கக் கூடாது என்று ஒரே கடிதத்தின் பிரதிகளை வேறு வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். வந்து சேர ஆறு மாதம். பதில் திரும்பிப் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல். இன்று நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று அரை மணி நேரத்தில் தவிக்கிறோம்!

உள்ளடக்கம்? பெரும்பாலும் வசவு. துணி மாதிரிக்கு ஒத்துவரவில்லை, நெசவு நெருக்கமாக இல்லை, செலவு அதிகம், வியாபாரிகளிடம் முன்பணம் நிலுவையில் நிற்கிறது... பக்கம் பக்கமாகத் திட்டிவிட்டு, கீழே 'உங்கள் அன்பு நண்பர்கள்' என்று இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அது அன்றைய சம்பிரதாயம்.

நம் வணிகர்களின் ஓலையோ, பிள்ளையார் சுழியில் தொடங்கி க்ஷேமம் விசாரித்துவிட்டுத்தான் காசு விஷயத்துக்கு வரும். தொலைதூரத்துக்குப் பணத்தையே மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதும் இல்லை. உண்டியல் எழுதினால் போதும். இது கோயில் உண்டியல் அல்ல. இந்த ஓலையைக் கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்கு எழுதும் சீட்டு.

இப்படிப்பட்ட வணிகர்கள் இல்லாமல் கம்பெனியால் ஒரு முழத் துணிகூட வாங்கியிருக்க முடியாது. சென்னையில் இன்றும் தெருப்பெயராக நிற்கும் தம்பு செட்டியும் லிங்கி செட்டியும் அந்தக் காலத்து வியாபாரிகள்தான். தலைமை வணிகராக இருந்த சுங்குராமரின் தோட்டத்தில்தான் 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். சேலம் பக்கத்துத் துணியும் கடலூர், புதுச்சேரிக் கரைகளுக்குப் போனது. சுமார் 36 கஜ நீளத்தில் நெய்த துணிக்கு 'லாங் கிளாத்' என்று பெயர். ஜவுளிக்கடையில் இன்றும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குகிறோம்.

முன்பணம் யார் பணம்?

துணிக்குப் பணம் முன்கூட்டியே போகும். கம்பெனி வணிகருக்குக் கொடுக்கும்; வணிகர் தறிக்காரருக்குக் கொடுப்பார். நூல் வாங்கவும், நெய்து முடிக்கும்வரை வீட்டில் அடுப்பெரியவும் அந்தப் பணம்தான்.

இதில் ஒரு முக்கியமான வழக்கம் இருந்தது. தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி 2001-ல் புத்தகம் எழுதிய வரலாற்று ஆய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை அழுத்தமாகச் சொல்கிறார். வேறு யாராவது கூடுதல் விலை தருவதாகச் சொன்னால், நெசவாளர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். வணிகர் அப்படி விலக முடியாது. பிடிக்காவிட்டால் தறியைப் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு வேறு ஊர் போய்விடுவார்கள். வாருங்கள் என்று அழைத்துக்கொள்ள வேறு பாளையக்காரரோ ராஜாவோ இருப்பார். லண்டன் கடிதங்களில் துணி விலை பற்றி அத்தனை எரிச்சல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பேரம் பேசும் பலம் தறிக்காரரிடமும் இருந்தது.

அந்தப் பலம் போனது எப்படி? 1757-ல் பிளாசிப் போர். 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்கு வந்தது. வங்காளத்தில் துணி வாங்க லண்டனிலிருந்து வெள்ளி அனுப்ப வேண்டிய தேவை அதோடு தீர்ந்தது. அங்கே வசூலித்த வரியை வைத்தே அங்கே துணி வாங்கிக் கப்பலில் ஏற்றலாமே! தெற்கிலும் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வர, இதே கணக்கு இங்கும் வந்தது. 1792-ல் சேலமும் பாரமகாலும். 1799-ல் கொங்கு.

ஒரு பக்கம் பவானியில் கலெக்டர் நிலவரி வசூலிக்கிறார். விவசாயிக்கு நிலவரி என்றால், தொழில் செய்கிறவர்களுக்கும் தறிக்கும் மொத்தர்பா என்ற தனி வரி. இன்னொரு பக்கம் சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரி துணிக்கு முன்பணம் கொடுக்கிறார். அந்த முன்பணத்துக்காக இனி எந்தப் பெட்டியும் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. நெசவாளர் கையில் விழும் ரூபாய், பக்கத்துக் காட்டுக்காரர் கட்டிய வரியாக இருக்கலாம். அவரே தறிக்குக் கட்டிய வரியாகவும் இருக்கலாம். இப்படித் துணி வாங்கியதற்குக் கம்பெனியின் கணக்கில் என்ன பெயர் தெரியுமா? 'முதலீடு'!

பழைய வழக்கமும் உடைந்தது. கம்பெனியின் முன்பணத்தைத் தொட்டவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. திருப்பிக் கொடுத்து விலகவும் வழியில்லை. கண்காணிக்கச் சேவகர்கள் வந்தார்கள். வேறு ஊருக்குப் போகலாம் என்றால், போகிற ஊரும் கம்பெனி ஊராகவே இருந்தது.

1800-ல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவோடு மெட்ராஸிலிருந்து கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன், கொங்கு நாட்டிலும் சுற்றினார். மண், பயிர், தறி, கூலி என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினார். 1807-ல் மூன்று தொகுதிகளாக அச்சாயிற்று. அதுவும் ஒருவகையில் வியாபாரக் கடிதம்தான். புதிதாகக் கைக்கு வந்த சொத்தில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பு.

1813-ல் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் போனது. 1833-ல் வியாபாரமே வேண்டாம், ஆட்சி மட்டும் போதும் என்று ஆனது. அதற்குள் இங்கிலாந்து ஆலைத்துணி இங்கே வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. பவானியின் தறிகள் பின்னாளில் ஜமக்காளத்துக்கு மாறின. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றும் நூலை வாங்கிக்கொண்டு, நெய்து கொடுத்து, கூலி வாங்கும் வீடுகள் பவானியைச் சுற்றி இருக்கின்றன.

கம்பெனிக் கடிதங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகளையும் லண்டனிலிருந்து வந்த கடிதங்களையும் அரசே வரிசையாக அச்சிட்டிருக்கிறது. பல தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். கப்பலின் பெயர், கேப்டனின் பெயர், பெட்டியின் எண், துணியின் ரகம் எல்லாம் இருக்கும். தறிக்காரர்கள் பெரும்பாலும் 'நெசவாளர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

கேரோவின் பெயருக்கு அந்தக் கவலை இல்லை. காகிதத்தில் எழுதியது போதாதென்று, தந்தத்திலும் ஏறியிருக்கிறது. அடுத்த முறை கூடுதுறையில் முழுக்குப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகும்போது, கட்டிலைக் கேட்டுப் பாருங்கள். மூன்று துளைகளையும் அங்கேயே காட்டுவார்கள்.